ஸ்கார்விக் ஊரின் சந்தேக நபர்

நார்வேயின் வடகோடியில், கடலோரம் இருக்கும் எங்கள் ஊருக்குப் பாதுகாப்பு வந்து சேர்ந்தது ஒரு மார்ச் மாதத்தில். அதற்கு முன்பு ஸ்கார்விக்கில் யாரும் வீட்டைப் பூட்டியதில்லை. பூட்டினால் சாவியை எங்கே வைப்பது என்பது ஒரு காரணம். பூட்டிக் காக்கும் அளவுக்கு உள்ளே எதுவும் இல்லை என்பது இன்னொரு காரணம். பாதுகாப்பு வந்த வாரத்திலேயே என் கடையில் இருந்த பூட்டுகள் எல்லாம் விற்றுத் தீர்ந்தன. சைக்கிள் பூட்டுகூட மிஞ்சவில்லை. சைக்கிளை வெளியே எடுக்க இன்னும் இரண்டு மாதம் பனி உருக வேண்டியிருந்தது.

நான் இந்த ஊரின் கூட்டுறவுக் கடையை நடத்துகிறவள். கடை ஜன்னலோரம் ஒரு மேசையும் காப்பிக் குடுவையும் உண்டு. ஊரில் நடப்பதெல்லாம் அந்த மேசைக்கு வந்து சேரும். நடக்காதது அங்கேயே உற்பத்தியாகும். ஆகவே இதில் பாதி என் கண்ணால் கண்டது. மீதி, சம்பந்தப்பட்டவர்களே அந்த மேசையில் உட்கார்ந்து சொன்னது.

வந்தது சாதாரணப் பாதுகாப்பு அல்ல. நார்வே, ஸ்வீடன், பின்லாந்து, ஐஸ்லாந்து என்று நான்கு நாடுகள் சேர்ந்து உண்டாக்கிய ‘வடமுனை அண்டை நாடுகள் ஒருங்கிணைந்த பாதுகாப்புக் குழுமம்’. பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் காப்பி ஆறிவிடும் என்பதால் நாங்கள் ‘குழுமம்’ என்றே சொன்னோம். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் சின்ன நாடுகள். தனித்தனியாகப் பயப்படுவதைவிடச் சேர்ந்து பயப்பட்டால் செலவு குறையும் என்று யாரோ கணக்குப் போட்டிருந்தார்கள். ‘நல்ல அண்டைவீட்டார்’ என்ற கூட்டுப் பயிற்சியை எங்கள் ஊரில் நடத்த முடிவாகியிருந்தது.

முதல் நாள் பள்ளிக்கூடத்து உடற்பயிற்சிக் கூடத்தில் ஊர்க்கூட்டம். காப்பியும், வாஃபிளும், பெர்ரி ஜாமும் உண்டு என்று அறிவித்திருந்ததால் ஊரே வந்தது. மேடையில் நான்கு கொடிகள். எந்தக் கொடி முதலில் என்று சண்டை வராமலிருக்க வட்டமாக நட்டிருந்தார்கள். எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் ஒரு நாடு மறைந்துபோனது.

பேசியவர் நார்வே நாட்டுக் கர்னல் ஸ்டென்வோல்ட். உயரமான மனிதர். தன் குரல் தனக்கே பிடித்திருந்தால் ஒருவர் எப்படிப் பேசுவாரோ அப்படிப் பேசினார்.

“நாங்க நாலு நாடும் ஒருத்தரை ஒருத்தர் முழுசா நம்புறோம். அந்த நம்பிக்கைக்கு அடையாளமா, தகவல் பெட்டகத்துக்கு நாலு பூட்டு போட்டிருக்கோம். அவங்கவங்க சாவி அவங்கவங்ககிட்ட. ஒருத்தருக்குத் தெரியாம இன்னொருத்தர் திறக்கவே முடியாது. இதைவிட நெருக்கமான நட்பு உலகத்துல எங்கயும் கிடையாது!”

துறைமுகத்தில் சொந்தப் படகு வைத்திருக்கும் ஹல்வ்தான் கையை உயர்த்தினார். எதையும் பாதியில் விடாத மனிதர் அவர். “அப்ப அந்தப் பெட்டகத்தைத் திறக்கணும்னா நாலு பேரும் சேந்து வரணுமா?”

“கட்டாயமா.”

“மத்த மூணு பேரும் எங்க?”

“நல்ல கேள்வி,” என்றார் கர்னல். “பாதுகாப்பு விதிப்படி நாலு தளபதிகளும் ஒரே நேரத்துல ஒரே இடத்துல இருக்கக் கூடாது. ஒரே குண்டுல நாலு பேரும் போயிட்டா ஒத்துழைப்பு என்ன ஆகும்?”

அதனால்தான் அன்றைய கூட்டத்தில் ஸ்வீடன் மேஜர் லில்யெக்விஸ்ட் சமையலறையில் இருந்தபடியும், பின்லாந்துக் கேப்டன் ரௌதியோ வெளியே பனியில் நின்றபடியும் கலந்துகொண்டார்கள். கர்னலுக்குப் பக்கத்தில் ஓர் அம்மாள் மட்டும் உட்கார்ந்து கம்பளி பின்னிக்கொண்டிருந்தார். ஐஸ்லாந்துப் பிரதிநிதி ஸ்டெய்னுன். ஐஸ்லாந்துக்கு ராணுவமே கிடையாது. ராணுவம் இல்லாதவரால்தான் நடுநிலையாக இருக்க முடியும் என்று அவரையே குழுமத்தின் தலைவராக்கியிருந்தார்கள்.

“இப்ப ஊர்மக்கள் தரப்புல ஒருத்தர் முன்வரணும்,” என்றார் கர்னல். “பயிற்சிக்கு ஒரு சந்தேக நபர் வேணும். அவரை நாலு நாடும் கண்டுபிடிச்சு, தகவல் பரிமாறி, சேந்து முடிவெடுத்து, சேந்து பிடிக்கணும். அவர் பிடிபட்டதும் பயிற்சி முடியும். யார் வர்றீங்க?”

அந்த நேரத்தில் ஐலிஃப் கையை உயர்த்தினார். ஜாம் கிண்ணத்தை இந்தப் பக்கம் நகர்த்தச் சொல்வதற்காக.

கூடம் கைதட்டியது. கர்னல் மேடையிலிருந்து இறங்கிவந்து கைகுலுக்கினார். ஜாம் கடைசிவரை வரவில்லை.

ஐலிஃப் துறைமுகத்தில் பாரந்தூக்கி வண்டி ஓட்டுகிறவர். அறுபதைத் தொட்ட மனிதர். தோள்பட்டை வலிக்காக மருத்துவ விடுப்பில் இருந்தார். பொய் சொன்னால் காது சிவந்துவிடும். அதனால் சீட்டாட்டத்தில்கூட யாரும் அவரைச் சேர்ப்பதில்லை. அவருக்கு ஒரு சாம்பல் நிறத் தொப்பியும் ஒரு பைனாகுலரும் கொடுத்தார்கள்.

“நான் என்ன செய்யணும்?” என்று கேட்டார்.

“வழக்கமா செய்யறதைச் செய்யாதீங்க,” என்றார் கர்னல்.

அதைப் போய் மனைவி போர்க்னியிடம் சொல்லியிருக்கிறார். “எப்படி நடந்துக்கிட்டா சந்தேகம் வரும்?”

“பாத்திரம் கழுவு,” என்றாள் போர்க்னி. “ஊரே சந்தேகப்படும்.”

மறுநாள் காலையிலிருந்து ஐலிஃப் வேலையைத் தொடங்கினார். அலைத்தடுப்புச் சுவரின் முனையில் நின்று பைனாகுலரில் கடலைப் பார்த்தார். ஒரு காகிதத்தில் படகுத்துறையை வரைந்தார். ஸ்வீடன் வீரர்கள் வரிசையாக வந்தார்கள்; மேஜர் லில்யெக்விஸ்ட் அவரை உற்றுப் பார்த்தார், எதையோ குறித்துக்கொண்டார், போய்விட்டார். நார்வே வீரர்கள் வந்தார்கள், பார்த்தார்கள், போனார்கள். பின்லாந்துக்காரர்கள் வந்ததே தெரியவில்லை. ஐலிஃப் திரும்பி நடந்தபோது பின்னால் இருந்த பனிமேடு எழுந்து வேறு பக்கம் போனது. அவ்வளவுதான். மூக்கு விறைத்துப்போய் என் கடைக்கு வந்து காப்பி குடித்தார்.

“பிடிக்கலையா?” என்று கேட்டேன்.

“பாத்தாங்க. நல்லாப் பாத்தாங்க. ஆனா பிடிக்கலை.”

மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். பாலத்தின் நீளத்தைக் கயிற்றால் அளந்து பார்த்தார். வேலிக்குள் நுழைந்து ராடார் கம்பத்தடியில் உட்கார்ந்து ரொட்டி தின்றார். காவலுக்கு நின்ற நார்வே பையன் ஒருவன் அவருக்குத் தண்ணீர் கொடுத்தான். கடைசியில் பொறுக்க முடியாமல், தெருவில் நின்றிருந்த பின்லாந்து ஜீப்பின் முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்துவிட்டார். ஓட்டுநர் இருக்கையில் இருந்தவர் கேப்டன் ரௌதியோவேதான். அவர் ஒன்றும் பேசாமல் வண்டியைக் கிளப்பி ஐலிஃபின் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்.

“என்னைப் பிடிக்க மாட்டீங்களா?”

ரௌதியோ நெடுநேரம் யோசித்தார். “நான் உங்களைப் பாக்கலை.”

“பக்கத்துலதானே உக்காந்திருக்கேன்!”

“பாக்கலைன்னுதான் சொன்னேன். இல்லைன்னு சொல்லலை.”

அதற்கு மேல் அவர் பேசவில்லை. பின்லாந்துக்காரர் ஒரே மூச்சில் இத்தனை சொற்கள் பேசியதே பெரிய விஷயம் என்று ஹல்வ்தான் பிற்பாடு சொன்னார்.

விஷயம் இதுதான். ஒவ்வொரு நாடும் ஐலிஃபைக் கண்டுபிடித்துவிட்டது. கண்டுபிடித்த உடனே அந்தத் தகவல் ரகசியமாகிவிட்டது. ரகசியத்தை மற்ற நாடுகளோடு பகிர வேண்டுமென்றால் பெட்டகத்தில் போட வேண்டும். போட்டார்கள், மேலே ஒரு துவாரம் இருந்தது. எடுக்கத்தான் வழியில்லை. நாலு சாவியும் ஒரே நேரத்தில் வர வேண்டும். நாலு தளபதிகளும் ஒரே நேரத்தில் வரக் கூடாது. பெட்டகம் நிரம்பி, துவாரத்தில் காகிதம் பிதுங்க ஆரம்பித்ததும் இரண்டாவது பெட்டகம் வரவழைத்தார்கள். தகவல் பரிமாற்றம் இரு மடங்கானது என்று தலைநகருக்குச் செய்தி போனது.

ஐலிஃபுக்கோ அவசரம். ஈஸ்டர் நெருங்கிக்கொண்டிருந்தது. அவருடைய மகள் ரன்வெய், எல்லையில் ஓடும் தானா என்ற ஆற்றுக்கு அந்தக் கரையில், பின்லாந்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். ஈஸ்டர் திங்களன்று அவளுடைய குழந்தைக்கு ஞானஸ்நானம். முதல் பேரக்குழந்தை. தேவாலயத்தில் அதைக் கையில் ஏந்தி நிற்கப்போவது தாத்தாதான் என்று ரன்வெய் சொல்லியிருந்தாள். அதனால் தோள்பட்டைக்கு மருந்தைவிட ஐலிஃப் அதிகம் நம்பியது, குழந்தையின் கனத்துக்கு ஒரு மாவுப் பையை ஏந்திக்கொண்டு வீட்டுக் கூடத்தில் நடக்கும் பயிற்சியைத்தான்.

ஆகவே சரணடைந்துவிடலாம் என்று முடிவு செய்து குழுமத்தின் கூடாரத்துக்குப் போனார். ஸ்டெய்னுன் அம்மாள் பின்னலிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தார்.

“சரணடையறதுக்கு இந்தப் பயிற்சியில இடமில்லையே, ஐலிஃப். பிடிபடத்தான் இடமிருக்கு.”

“சரி, பிடிங்க.”

“நானா? என்கிட்ட ஆளே இல்லை. ஊசி மட்டும்தான் இருக்கு.”

உள்ளேயிருந்து கர்னல் வந்தார். முகம் சிவந்திருந்தது. “உண்மையான சந்தேக நபர் தானா வந்து நிப்பானா? நீங்க பயிற்சியோட தரத்தைக் கெடுக்கறீங்க. நம்பும்படியா நடந்துக்கோங்க.”

ஐலிஃப் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பினார். கூடாரத் துணிக்கு மறுபுறம் இருந்தபடி கலந்துகொண்ட ஸ்வீடன் மேஜரின் குரல் மட்டும் கேட்டது. “ஒரு நிமிஷம். நம்ம முகாமுக்குள்ள வர்றதுக்கு இவருக்கு ஏன் இவ்வளவு ஆசை?”

கர்னல் ஐலிஃபின் முதுகை உற்றுப் பார்த்தார்.

“அதானே,” என்றார் கர்னல்.

அன்றிலிருந்து ஐலிஃப் மீது உண்மையான சந்தேகம் தொடங்கியது.

இரண்டு நாள் கழித்து என் கடைக்கு நான்கு பெட்டிகள் வந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு நாட்டுக் கொடியின் வண்ணம்; அதில் விழுவது அந்த நாட்டுக்கு மட்டும் போகும். ‘சந்தேகம்’ என்ற சொல் அண்டைவீட்டு நட்புக்கு ஒவ்வாது என்பதால் அதற்கு ‘அக்கறைப் பெட்டி’ என்று பெயர். அக்கம்பக்கத்தில் இருப்பவர் மீது அக்கறை தோன்றினால் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் போடலாம், பெயர் தேவையில்லை. கர்னலே வந்து விளக்கினார்.

“இது காட்டிக்கொடுக்கறது இல்லைங்க. அன்பை எழுத்துல தெரிவிக்கறது.”

பெட்டிகளை மீன் உறைபெட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். அந்த மாதம் எங்கள் ஊரில் உறைந்த மீன் வாங்க வந்தவர்கள் அதிகம். மீன் விற்பனை மட்டும் ஏறவில்லை. கடலிலிருந்து அன்றாடம் துள்ளத்துள்ள காட் மீன் இறங்கும் ஊரில் உறைபெட்டி ஓரம் என்ன வேலை என்று நான் யாரையும் கேட்கவில்லை. கடைக்காரி கேட்கக் கூடாது. நான் எழுதினேனா என்று நீங்களும் என்னைக் கேட்கக் கூடாது.

எங்கள் பேச்சு மாறிப்போனது. முன்பெல்லாம் “எங்க போறே?” என்று கேட்டால் வணக்கம் சொன்னதாக அர்த்தம். இப்போது அதைக் கேட்டவரை ஒரு முறை பார்த்துவிட்டு, “ஏன் கேக்கறே?” என்றார்கள். தபால்காரர் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, யாரிடமிருந்து வந்தது என்று முன்போல் சொல்லாமல் போனார். சொல்லாததையும் சிலர் எழுதிப் போட்டதாகக் கேள்வி.

ஜன்னலோர மேசையில் ஐலிஃபும் ஹல்வ்தானும் முப்பது வருடமாக எதிரெதிரே உட்கார்ந்து காப்பி குடிக்கிறவர்கள். ஒருவர் திருமணத்தில் இன்னொருவர் மாப்பிள்ளைத் தோழர். ஒரு நாள் ஹல்வ்தான் கோப்பையைத் தொடாமலேயே உட்கார்ந்திருந்தார்.

“ஐலிஃப், ஒண்ணு கேக்கவா?”

“கேளுடா.”

“தினமும் காலையில நான் படகு எடுக்கும்போது, ‘எப்பத் திரும்புவே’ன்னு கேக்கறியே. ஏன்?”

ஐலிஃபுக்குப் புரியவில்லை. “முப்பது வருஷமா கேக்கறேனே.”

“அதான் நானும் சொல்றேன். முப்பது வருஷமா!”

“டேய், நீ பத்திரமா வரணும்னுதான்டா.”

“எதுக்குக் காது செவக்குது உனக்கு?”

“வெளியில மைனஸ் பதினஞ்சுடா, முட்டாள்!”

ஹல்வ்தான் எழுந்து குல்லாயைப் போட்டுக்கொண்டார். வழக்கமாக வாசலில் நின்று ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போவார். எங்கள் பக்கத்தில் அது பிரியத்தின் அடையாளம். அன்று மரியாதையாக, “வர்றேங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். ஐலிஃபின் முகம் செத்துப்போனது.

அந்த வாரமே தோள்பட்டை சரியாகி, ஐலிஃப் துறைமுகத்துக்கு வேலைக்குத் திரும்பினார். வாயிலில் அவருடைய நுழைவு அட்டை வேலை செய்யவில்லை. காவலாளி வருத்தப்பட்டான். “சந்தேக நபரை உள்ள விடக் கூடாதுன்னு உத்தரவு.”

“அது நடிப்புப்பா! நீயும்தானே கூட்டத்துல கைதட்டினே?”

“நடிப்புன்னு எனக்குத் தெரியும். ஆனா அதை வெளியில சொல்ல எனக்கு அனுமதி இல்லை.”

அதைவிடப் பெரிய அடி ஞாயிறன்று விழுந்தது. ஞானஸ்நான ஏற்பாடுகளுக்காக மகள் வீட்டுக்குப் போகலாம் என்று போர்க்னியும் ஐலிஃபும் காரில் கிளம்பினார்கள். தானா ஆற்றுப் பாலத்தில் யாரும் யாரையும் நிறுத்திய வழக்கமில்லை. இப்போது அங்கே ஒரு கூட்டுச் சோதனைச்சாவடி. போர்க்னியைப் போகச் சொன்னார்கள். ஐலிஃபை இறங்கச் சொன்னார்கள். நாலு நாட்டுப் பெயர்ப்பட்டியலிலும் அவர் இருக்கிறார். ஆனால் எந்த நாடும் அதை மற்ற மூன்றுக்கும் சொல்லவில்லை. ஆகவே அவரைத் தடுக்கலாம், தடுத்த காரணத்தைச் சொல்ல முடியாது. இருவரும் திரும்பி வந்தார்கள். வழியெல்லாம் போர்க்னி திட்டிக்கொண்டே வந்தாளாம். யாரைத் திட்டினாள் என்று கேட்டேன்.

“எல்லாரையும்தான். கடைசியில இவரையும். ஜாம் வேணும்னா எழுந்து போய் எடுத்துக்க வேண்டியதுதானே?”

ஈஸ்டருக்கு முந்திய வாரம் நிறைவு விழா நடந்தது. அதே உடற்பயிற்சிக் கூடம், மீன் சூப், வட்டமாகக் கொடிகள். ஸ்வீடன் மேஜர் சமையலறையில். பின்லாந்துக் கேப்டன் பனியில். கர்னல் ஸ்டென்வோல்ட் பேசினார்.

“நண்பர்களே, பயிற்சி மாபெரும் வெற்றி! சந்தேக நபரைக் கடைசிவரைக்கும் எங்களால பிடிக்க முடியலை. ஆபத்து எவ்வளவு பெரிசுன்னு இதுலேர்ந்தே தெரியுது. அவரைப் பத்தி நாலு நாட்டுக்கும் முழுத் தகவல் கிடைச்சிருக்கு. நாலும் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லை. இவ்வளவு பரந்த பார்வை இதுக்கு முன்னாடி எந்தக் கூட்டணிக்கும் கிடைச்சதில்லை! இந்த ஊர்மக்களையும் பாராட்டணும். நாங்க வந்தப்ப இங்க ஒருத்தருக்கும் பாதுகாப்பு உணர்வே இல்லை. கதவெல்லாம் திறந்து கிடந்தது. இன்னிக்குப் பாருங்க. ஒருத்தரும் ஒருத்தரை நம்பறதில்லை. இது உங்க சாதனை!”

கைதட்டல் எழுந்தது. முதலில் நிறுத்தப்போகிறவர் யார் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்ததால் அது வெகுநேரம் நீடித்தது.

கைதட்டல் ஓய்ந்ததும் ஐலிஃப் எழுந்தார். “அப்ப நான் போகலாமா? திங்கக்கிழமை என் பேரக்குழந்தைக்கு ஞானஸ்நானம்.”

“நீங்க பிடிபடலையே,” என்றார் கர்னல், மிக அன்பாக. “பயிற்சி வெற்றி. ஆனா முடியலை. உங்க மேல இருக்கற சந்தேகத்தை நீக்கணும்னா நாலு நாடும் சம்மதிக்கணும்.”

“இப்பவே கேளுங்களேன்.”

கேட்டார்கள். பனியிலிருந்து பதில் வந்தது: ஐலிஃபைப் பின்லாந்து பார்க்கவே இல்லை, பார்க்காத ஒருவரை நிரபராதி என்று எப்படிச் சொல்வது? சமையலறையிலிருந்து பதில் வந்தது: பின்லாந்து தயங்குகிறதென்றால் அதற்கு ஏதோ தெரிந்திருக்கிறது, ஸ்வீடன் பொறுத்திருக்கும். நார்வே நாலாவதாகத்தான் கையெழுத்துப் போடும் என்றார் கர்னல். ஐஸ்லாந்து?

ஸ்டெய்னுன் ஒரு வரிசையைப் பின்னி முடித்துவிட்டுச் சொன்னார். “எங்களுக்கு ராணுவம் இல்லை. அதனால சந்தேகமும் இல்லை. இல்லாததை எப்படி நீக்கறது? இலையுதிர்காலக் கூட்டத்துல பேசலாம்.”

ஐலிஃப் உட்கார்ந்தார். சூப்பைத் தொடவில்லை. அன்று அவர் பக்கத்து நாற்காலிகள் இரண்டு புறமும் காலியாக இருந்தன.

பெரிய வெள்ளிக்கு முந்திய நாள் ஐலிஃப் கடைக்கு வந்தார். ஜன்னலோரம் ஹல்வ்தான் மட்டும். ஐலிஃப் எதிரே உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினார். எனக்குக் கேட்காமல் இருப்பதற்கு அவ்வளவு போதாது.

“ஆத்துல பனி இன்னும் கெட்டியாத்தான் இருக்கு. திங்கக்கிழமை காலையில போர்க்னி காரை எடுத்துக்கிட்டுப் பாலம் வழியாப் போயிடுவா. என்னைக் கீழ வளைவுல இறக்கி விட்டுடுவா. நான் உதைவண்டியில அப்படியே குறுக்க போயிடுவேன்.”

உதைவண்டி என்பது சறுக்குக் கட்டைகள் மேல் பொருத்திய நாற்காலி. பின்னால் நின்று ஒரு காலால் உந்திப் போவோம். மளிகை வாங்க வருகிறவர்கள் அதில்தான் வருவார்கள். நாடு விட்டு நாடு தப்பிப்போவதற்கு அதைப் பயன்படுத்தியவர் அதுவரை யாரும் இல்லை.

“இதை எதுக்கு என்கிட்ட சொல்றே?” என்றார் ஹல்வ்தான்.

“பனி உடைஞ்சு நான் உள்ள போயிட்டா, யாராவது ஒருத்தருக்காவது எங்க தேடணும்னு தெரிஞ்சிருக்கணும்ல.”

ஹல்வ்தான் கோப்பையைச் சுற்றிச் சுற்றித் திருப்பினார். ஐலிஃப் போன பிறகும் அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்துவந்து உறைந்த மீன் வேண்டும் என்றார். நான் காப்பிக் குடுவையைக் கழுவப் பின்னால் போனேன்.

ஈஸ்டர் திங்கள் காலை நல்ல வெயில். கண் கூசும் வெள்ளை. ஐலிஃப் கல்யாணக் கோட்டைப் போட்டு, அதன் மேல் படகில் போடும் மிதவைச் சட்டையைப் போட்டு, உதைவண்டியின் நாற்காலியில் குழந்தைக்கான பரிசுப் பொட்டலத்தைக் கட்டிவைத்து ஆற்றில் இறங்கினார். பாதி தூரம் போனதும் கால் தளர்ந்து சற்று நின்றாராம். அப்போது எதிர்க்கரைப் பனிமேடு எழுந்து நின்றது.

“நில்லு!”

அது பின்லாந்து. அதே சமயம் இடப்பக்கப் பிர்ச் மரங்களுக்குள்ளிருந்து ஸ்வீடன் வெளிப்பட்டது. பின்னால் நார்வே கரையிலிருந்து கர்னல் தன் ஆட்களோடு ஓடிவந்தார். ஒவ்வொருவரும் மற்றவருக்குத் தெரியாமல் விடியற்காலையிலிருந்து பதுங்கியிருந்திருக்கிறார்கள். இப்போது ஒருவரை ஒருவர் பார்த்ததும் துப்பாக்கிகள் எல்லாம் ஐலிஃபை விட்டுவிட்டு ஒன்றையொன்று நோக்கித் திரும்பின.

“நீங்க இங்க என்ன பண்றீங்க?” என்றார் ஸ்வீடன் மேஜர்.

“நீங்க இங்க என்ன பண்றீங்க?” என்றார் கர்னல். “எங்ககிட்ட சொல்லவே இல்லையே?”

“நீங்க எங்ககிட்ட சொன்னீங்களா?”

ரௌதியோ எதுவும் கேட்கவில்லை. இருவரையும் சமமாகச் சந்தேகப்பட்டார்.

நடுவில் நின்ற ஐலிஃப் பரிசுப் பொட்டலத்தின் மேல் கவிழ்ந்துகொண்டார். உள்ளே பேரக்குழந்தைக்காக வாங்கிய பீங்கான் கிண்ணம் இருந்தது. யாராவது ஒரு பையன் விரலை அசைத்திருந்தால் நாலு சின்ன நாடுகளின் நட்பும் ஐலிஃபும் அங்கேயே முடிந்திருக்கும்.

அப்போது ஆற்றின் மேல்புறத்திலிருந்து ஓர் உருவம் நிதானமாக நடந்து வந்தது. ஸ்டெய்னுன். கையில் காப்பிக் குடுவை.

“எனக்கும் சீட்டு வந்தது,” என்றார். சுற்றிலும் பார்த்தார். “இப்ப நாம நாலு பேரும் ஒரே இடத்துல இருக்கோம்.”

தளபதிகள் திடுக்கிட்டு வானத்தைப் பார்த்தார்கள். குண்டு எதுவும் வரவில்லை.

“அப்ப இது கூட்டு நடவடிக்கைதானே?” என்றார் ஸ்டெய்னுன். “பிடிச்சுடுங்க. எனக்குக் கால் குளிருது.”

கர்னலின் முகத்தில் மெல்ல வெளிச்சம் பரவியது. நார்வே வலது கையைப் பிடித்தது, ஸ்வீடன் இடது கையைப் பிடித்தது, பின்லாந்து கோட்டுக் காலரைப் பிடித்தது. ஐஸ்லாந்து உதைவண்டியைப் பிடித்துக்கொண்டது. ஒரு வீரன் படம் எடுத்தான். கர்னல் அங்கேயே, பனியின் மேலேயே பேசினார்.

“இந்தத் துல்லியமான கூட்டுத் திட்டம் பல மாத உழைப்போட பலன். இதைப் பத்தி எங்க நாலு பேருக்குமே முன்கூட்டித் தெரியாதுங்கறதுதான் இதோட ரகசியம்!”

பயிற்சி முடிந்தது. பிடிபட்டவரை யார் விசாரிப்பது என்று பேச்சு எழுந்தபோது ரௌதியோ வாயைத் திறந்தார். “உதைவண்டியோட முன்பக்கம் எங்க எல்லையில இருந்தது.” அதோடு ஐலிஃபை ஜீப்பில் ஏற்றிப் பின்லாந்துக் கரைக்குக் கொண்டுபோய்விட்டார்.

ஜீப் தேவாலய வாசலில் நின்றது. ஐலிஃப் அவரைப் பார்த்தார்.

“விசாரணை இங்கதான்,” என்றார் ரௌதியோ. “குழந்தையைத் தூக்கிக்கிட்டே பதில் சொல்லலாம்.”

போர்க்னி எடுத்த படம் என் கடைச் சுவரில் இருக்கிறது. கல்யாணக் கோட்டில் ஐலிஃப், கையில் வெள்ளைச் சட்டைக் குழந்தை. பின்னால் சீருடையில் ஓர் ஆள், கைதியை விடக் கூடாது என்ற விதிப்படி ஐலிஃபின் சட்டைக்கையைப் பிடித்தபடி, கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். குழந்தை அவருடைய பதக்கத்தைப் பிடித்திழுக்கிறது. கேள்வி ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம்: “பேர் என்ன?” குழந்தையின் பெயரை.

மறுவாரம் ஐலிஃப் வேலைக்குத் திரும்பினார். முதல் இடைவேளையிலேயே கடைக்கு வந்து ஹல்வ்தானுக்கு எதிரே உட்கார்ந்தார். நான் கல்லாவில் இருந்தேன். மற்றவர்கள் அவரவர் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“ஆத்தைக் குறுக்க கடக்கப்போறேன்னு உனக்கும் போர்க்னிக்கும்தான் தெரியும்,” என்றார் ஐலிஃப்.

“ஆமா.”

“அவ எழுதலை.”

“நான்தான் எழுதினேன்,” என்றார் ஹல்வ்தான். “நாலு பெட்டியிலயும் போட்டேன். நாலு பேரும் சேந்து பிடிச்சாத்தானே பயிற்சி முடியும்னு அந்தக் கர்னல் சொன்னான்? அவனுங்க ஒருத்தனுக்கொருத்தன் சொல்ல மாட்டானுங்க. அதான் நானே எல்லாருக்கும் சொன்னேன். முடிஞ்சுதா இல்லையா?”

ஐலிஃப் அவரை வெகுநேரம் பார்த்தார். பிறகு கண்கள் கலங்கின. கையை நீட்டி ஹல்வ்தானின் தோளைப் பிடித்தார். கடையே மூச்சு விட்டது. நானும் புதிதாகக் காப்பி போட எழுந்தேன்.

அப்புறம் ஐலிஃபுக்கு ஒன்று தோன்றியது. கையை எடுக்காமலே கேட்டார்.

“அதுக்கு முன்னாடி எதுவும் எழுதலையே?”

ஹல்வ்தான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். துறைமுகத்தில் படகுகள் வந்துகொண்டிருந்தன.

“எழுதினேன். ஆனா நம்ம நாட்டுப் பெட்டியில மட்டும்தான்டா போட்டேன்,” என்றார், மனம் நொந்து. “உன்னைப் பத்தி வெளிநாட்டுக்காரன்கிட்ட போய்ச் சொல்வேனா?”